நான் பேஜார் என்று சொன்ன ஊர்

1

போன வாரம் எங்கள் நகராட்சியிலிருந்து ஒரு உறை வந்தது. இங்கே அரசாங்க முத்திரை போட்ட உறை எது வந்தாலும் நான் திறப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, மகள் அனு பள்ளிவிட்டு வரும்வரை அதைச் சுற்றிச் சுற்றி வருவேன். இத்தாலிக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. மேஸ்திரி திட்டினால் புரிகிறது, சந்தையில் தக்காளி விலை கேட்கிறேன், ஆனால் அரசாங்கம் எழுதும் இத்தாலியம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஒருமுறை குடியிருப்பு அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள் என்று பயந்து ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தேன். அனு வந்து படித்தால், தெருவில் தண்ணீர்க் குழாய் மாற்றப்போகிறார்களாம்.

இந்தமுறை வந்தது ஒரு கேள்வித்தாள். மலையடிவாரத்துச் சின்ன நகரத்தில் வாழ்க்கைத் தரம் எப்படி இருக்கிறது என்று குடியிருப்பவர்களையே கேட்கிறார்கள். காற்று, குடிநீர், பஸ், ஆஸ்பத்திரி, பூங்கா, மலைப்பாதை, சுற்றிப் பார்க்கும் இடங்கள் என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து பத்துவரை மார்க் கேட்டிருந்தார்கள்.

அனுவுக்குப் பதினாலு வயது. தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி இத்தாலியத்தில் முடிப்பாள். என்னோடு பேசும்போது மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டு முழுக்கத் தமிழிலேயே பேசுவாள், விருந்தாளியிடம் பேசுவதுபோல. அவள் படிக்க, நான் மார்க் சொன்னேன்.

"காத்து?"

"ஆறு."

"தண்ணி?"

"ஆறு."

"ஆஸ்பத்திரி?"

"அதுக்கும் ஆறே போடு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "எல்லாத்துக்கும் ஏன் ஆறு? உங்களுக்கு இந்த ஊர் பிடிக்கலையாப்பா?"

"பிடிக்கும்மா. பத்து போட்டா கண்ணு பட்டுடும்."

"யார் கண்ணு? மேயர் கண்ணா?"

சமையலறையிலிருந்து என் மனைவி தேவி சிரித்தாள். நானும் சிரித்தேன். கடைசிக் கேள்வி வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. உங்கள் உறவினரோ நண்பரோ இந்த ஊருக்குக் குடிவர நினைத்தால் வரச் சொல்வீர்களா? பக்கத்தில் இரண்டே கட்டம், ஆம், இல்லை.

"அத விடு. அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன். அனு தோளைக் குலுக்கிவிட்டு எழுந்து போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராணிப்பேட்டையிலிருந்து கலா போன் செய்தாள். கலா, செத்துப்போன என் நண்பன் பிரபுவின் மனைவி. அவள் மகள் நித்யா நர்சிங் முடித்திருக்கிறாள். இத்தாலிக்கு நர்சுகளை அனுப்பும் ஒரு ஏஜென்சி அவளைத் தேர்வு செய்திருக்கிறது. கிடைத்திருக்கும் வேலை எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில். அனுப்பலாமா, ஊர் எப்படி என்று கலா கேட்டாள். நகராட்சி கேட்ட அதே கேள்விதான்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியைப் பிரபு கேட்டான். நான் பொய் சொன்னேன். அதை நம்பி அவன் அங்கேயே இருந்துவிட்டான். இருந்த இடத்தில் செத்துப்போனான். இப்போது நித்யாவுக்கு உண்மையைச் சொன்னால் அவள் அப்பாவுக்குச் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் வாழ்க்கையிலும் நான் கை வைத்தவனாவேன். கலாவிடம் ஒரு வாரம் டைம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

2

ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம், சொன்னாலும் வாயில் நுழையாது. வட இத்தாலியில், பெரிய மலைகள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. மூன்று பக்கமும் மலை, நடுவே ஆறு. ஊரைக் குறுக்கே நடந்தால் அரைமணி நேரம் ஆகும். ஆற்றின்மேல் கூரை போட்ட ஒரு மரப்பாலம் இருக்கிறது. குன்றின்மேல் சின்னதாக ஒரு கோட்டை, அதற்குள் நூலகம். கோடையில் ஜெர்மன்காரர்கள் சைக்கிளில் வந்து பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பனிக்காலத்தில் அதே ஆட்கள் தோளில் பனிச்சறுக்குப் பலகையோடு வருவார்கள். பஸ் ஏழு பதினாலுக்கு என்று போட்டிருந்தால் ஏழு பதினாலுக்கு வரும். வராவிட்டால் ஜனங்கள் ஏதோ கலவரம் நடந்ததுபோல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

நானும் மலைக்குப் பக்கத்து ஊர்க்காரன்தான். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரியில் வேலை, வாரத்துக்கு ஒருமுறை வேலூர் பஜார். 'ஆறு உண்டு தண்ணி இல்ல, மலை உண்டு மரம் இல்ல, கோட்டை உண்டு ராஜா இல்ல' என்று வேலூர்க்காரர்கள் தங்களையே கிண்டல் செய்துகொள்வார்கள். வந்த முதல் வாரம் அந்த மரப்பாலத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஆற்றில் தண்ணீர் ஓடியது. மலை முழுக்க மரம். ராஜா மட்டும் இங்கேயும் இல்லை.

சந்தைத் திடலில் ஒரு கல் தொட்டி. குழாயிலிருந்து மலைத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. யாரோ மூடாமல் போய்விட்டார்கள் என்று நினைத்து நான் திருகைத் தேடினேன். குழாயின் பின்னால் கைவிட்டுத் துழாவினேன். அந்தப் பக்கம் போன ஒரு அம்மாள் எனக்குத் தாகம் என்று நினைத்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துக் காட்டினார். திருகே கிடையாதாம், ராத்திரி பகலாக அப்படித்தான் ஓடுமாம். எங்கள் தெருவில் போர் தண்ணீரில் சோறு வடித்தால் மஞ்சளாக இருக்கும், டீ போட்டால் திரியும். குடிக்கக் கேன் தண்ணீர்தான். அந்தத் தொட்டி ஓரத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் வந்த புதிதில் ஒன்று என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஊரில் நாற்றம் இல்லை. நான் வேலை பார்க்கும் டேனரி பள்ளத்தாக்கில் கீழே இருக்கிறது, பஸ்ஸில் இருபது நிமிடம். ஊருக்குள் ஒன்றும் இல்லை. டேனரியில் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் டிரம்மும் கழிவுத் தொட்டியும் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாடம் உண்டு. 'நாறினா பயப்படாத, நாத்தம் நின்னா ஓடு.' அந்த வாயு அளவுக்கு மீறினால் முதலில் மூக்கு செத்துவிடும், நாற்றம் தெரியாது. அடுத்தது ஆள். இங்கே வந்த முதல் நாள் காலை பஸ் நிறுத்தத்தில் நின்றபோது ஒன்றுமே நாறவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து நகர்ந்துபோனார்கள்.

அந்தப் பயம் ஒரு மாதத்தில் போய்விட்டது. வேறு ஒன்று மெதுவாக வந்தது. எங்கள் பக்கத்தில் டேனரியில் வேலை என்று சொன்னால் அடுத்த கேள்வி எந்தத் தெரு என்பதுதான். கேட்டுவிட்டு ஒரு அடி தள்ளி நிற்பார்கள், சிலர் டம்ளரை மாற்றுவார்கள். இங்கே டேனரி என்றால் 'நல்ல வேலையாச்சே' என்றார்கள். வீட்டுக்காரர் கை கொடுத்தார். என் தெருவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் அவர்களுக்கு எது எங்கே என்று தெரியப்போவதில்லை. முப்பது வயதில் முதல்முறையாக நான் நிம்மதியாக இருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு ஊர் ஞாபகமே வரவில்லை.

3

எங்கள் பக்கத்தில் நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்பவன் கிடையாது. எப்படி இருக்க என்றால் 'ஏதோ ஓடுது.' வியாபாரம் எப்படி என்றால் 'டல்.' மகளுக்கு நல்ல இடம் அமைந்து, கையில் நாலு காசும் இருக்கிறவனைக் கேட்டாலும் 'பேஜார்' என்பான். பேஜார் என்றால் தொல்லை, சலிப்பு. அக்கம்பக்கத்து முஸ்லிம் தோஸ்துகளிடமிருந்து எங்கள் வாய்க்கு வந்த சொல். கட்டும் வீட்டுக்கு முன்னால் கண் படாமல் இருக்கப் பூசணிக்காய் தொங்கவிடுவதுபோல, பேச்சுக்கு முன்னால் இந்தச் சொல்லைத் தொங்கவிடுவோம்.

அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தேன். எங்கள் மேஸ்திரி தினமும் காலையில் 'கோமே வா?' என்று கேட்பார், எப்படி இருக்கிறாய் என்று அர்த்தம். நான் பெருமூச்சு விட்டு 'பேஜார்' என்பேன். இவர்கள் மொழியில் 'பெஜ்ஜோ' என்றால் முன்பைவிட மோசம். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். தினமும் முன்பைவிட மோசமாகிக்கொண்டிருக்கும் ஆளை என்ன செய்வது? நாலாவது நாள் கையைப் பிடித்துக் கம்பெனி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். எனக்கு ஒரு கோளாறும் இல்லை. எப்போதிலிருந்து மோசம் என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். கண் படும் விஷயத்தை எந்த மொழியில் விளக்குவது? அன்றிலிருந்து கம்பெனியில் என் பெயர் பெஜ்ஜோ. சம்பளச் சீட்டில்தான் சேகர்.

இதைப் போனில் சொன்னபோது பிரபு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பேஜார் என்றால் எவ்வளவு பேஜார் என்று அவனுக்குத் தெரியும். அவன் எங்கள் ஊர்க்காரன். அந்தச் சொல்லை மட்டும் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்கமாட்டான்.

4

பிரபுவும் நானும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். ஒரே வாரத்தில் டேனரியில் சேர்ந்தோம். அவனுக்கு என்னைவிடக் கை வேகம் ஜாஸ்தி. டிரம்மில் எவ்வளவு மருந்து போடவேண்டும் என்று சூப்பர்வைசருக்கே அவன்தான் சொல்லுவான். அவனிடம் ஒரு பழக்கம், எதைச் சொன்னாலும் 'நெஜமா?' என்று இன்னொருதரம் கேட்பான். மளிகைக் கடைக்காரரிலிருந்து பஸ் கண்டக்டர்வரை எல்லோரையும் கேட்பான். எரிச்சலாக இருக்கும்.

நான் இங்கே வந்து ஆறு மாதம் ஆனபோது முதலாளி என்னைக் கூப்பிட்டு, உன்னைப்போல வேலை தெரிந்தவன் இன்னும் ஒருவன் வேண்டும், ஊரில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். யோசிக்காமல் பிரபு பெயரைச் சொன்னேன். அவன் என்னைவிட நல்ல வேலைக்காரன் என்றும் சொன்னேன். அது உண்மை, அதையும் எழுதிவைக்கிறேன். முதலாளி மனுப் போட்டார். பல மாதம் கழித்து அனுமதிக் காகிதம் வந்தது. அதற்கு ஆறு மாத ஆயுள். அதற்குள் பிரபு விசா வாங்கி வந்து சேரவேண்டும்.

அவன் பாஸ்போர்ட் எடுத்துவிட்டான். ஆனால் கலாவுக்குப் பயம். நித்யாவுக்கு அப்போது நாலு வயது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் போன் செய்தான். நான் ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். எதிரே மலை உச்சியில் பனி பளிச்சென்று இருந்தது. மடியில் ஒரு ஆரஞ்சு உரித்து வைத்திருந்தேன்.

"இன்னாடா, ஊர் எப்படி இருக்கு?"

"பேஜார்டா."

சிரித்தான். "அத விடு. நெஜமா சொல்லு. வரலாமா, வேணாமா? நீ வான்னா வந்துடறேன். வேணாம்னா காயிதத்தக் கிழிச்சிப் போட்டுட்டு இங்கயே கெடக்கறேன்."

நான் மலையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். "குளிர் ஜாஸ்திடா. மூணு மாசம் வெயில் மூஞ்சியே தெரியாது. மனுசன் மூஞ்சியும் தெரியாது. மலை மலைன்றாங்க, வெறும் கல்லு. வாய்க்கு ருசியா சோறு கெடையாது. கொழந்தய வுட்டுட்டு நீ இங்க வந்து இன்னா பண்ணப்போற? நம்ம ஊரே மேல்."

"நெஜமா?"

"நெஜமாடா."

சரிடா, நீ சொன்னா சரியா இருக்கும், உடம்ப பாத்துக்கோ என்று சொல்லி வைத்துவிட்டான். நான் ஆரஞ்சைச் சாப்பிட்டு முடித்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பதினெட்டு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் சொல் பழக்கத்தில் வந்தது. அதற்குப் பிறகு வந்தது பழக்கம் அல்ல. பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்தவன், அடுத்த நிறுத்தத்தில் தெரிந்தவன் ஏறினால் தூங்குவதுபோல நடிப்பான், அதுதான். பிரபு வந்தால் அவனோடு எங்கள் தெருவும் வந்துவிடும் என்று நினைத்தேன். இங்கே என்னைப் பார்க்கிற ஒவ்வொருவரும் என்னைப் புதிதாகப் பார்க்கிறார்கள். பழைய என்னைத் தெரிந்த ஒருவன் பக்கத்தில் இருந்தால் நானும் பழையவனாகிவிடுவேன் என்று பயந்தேன். அவன் பெயரைக் கொடுத்தபோது தோன்றாதது, அவன் வருகிறேன் என்றபோது தோன்றியது. என் மனசு அவ்வளவுதான்.

5

காகிதம் காலாவதியாக இன்னும் நாலு மாதம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனை எடுப்பேன். பேச்சு வேறு பக்கம் போய்விடும், அடுத்த வாரம் சொல்லலாம் என்று வைத்துவிடுவேன். நாலு மாதமும் போனது. முதலாளியிடம், அவனுக்கு வர இஷ்டமில்லை என்று சொன்னேன்.

அடுத்த நாலு மாதத்தில் பிரபு செத்துப்போனான். மத்தியான ஷிப்டு. கழிவுத் தொட்டியில் அடைப்பெடுக்க இறங்கிய ஒருவன் உள்ளேயே விழுந்துவிட்டான். அவனைத் தூக்கப் பிரபு இறங்கினான். நாற்றம் நின்றால் ஓடு என்பது எனக்குத் தெரிந்ததைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினானாம். இரண்டு பேரையும் வெளியே எடுக்கும்போது உயிர் இல்லை.

சாவுக்கு நான் போகவில்லை. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், கையில் ரசீது மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு நாட்டைவிட்டுப் போனால் திரும்ப விடுவார்களா என்று அலுவலகத்தில் கேட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், விடலாம், விடாமலும் இருக்கலாம் என்றாள். அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது. போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததே என்று நிம்மதிப்பட்டேன். இதை இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

6

ஒரு வருடம் கழித்து, என் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது கலாவைப் பார்த்தேன். ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டியதும் கொண்டுவந்து விடும். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்துப் போனேன். டீ போட்டுக் கொடுத்தாள்.

"நீங்க அப்பவே உள்ளதச் சொன்னீங்கண்ணா. வேற யாரா இருந்தாலும் ஆச காட்டிக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. அந்தக் குளிர்ல, அந்தப் பேஜார்ல, தனியா கெடந்து கஷ்டப்பட்டிருப்பாரு. போகாம இருந்ததால கடைசி எட்டு மாசம் எங்ககூட இருந்தாரு. அது உங்களாலதான்."

அந்த டீயை நான் குடித்தேன். வேறென்ன செய்ய முடியும் என்று இப்போதும் தெரியவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதன்பிறகு ஊரைப் பற்றி நல்லதாக ஒன்றும் அந்த வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன். தேவி இங்கே வந்த புதிதில் மரப்பாலத்தில் நின்று எடுத்த படத்தைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பப் பார்த்தாள். வேண்டாம், கண்ணு படும் என்றேன். பிற்பாடு வாட்ஸ்அப் வந்ததும் மலைப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தாள். எடுத்துவிடச் சொன்னேன். அனு பிறந்து, பனியில் விளையாடுகிற படத்தைக்கூட அனுப்ப விடவில்லை. இப்படித் திருஷ்டிக்குப் பயப்படுகிற ஆம்பளையை நான் பார்த்ததில்லை என்று தேவி அங்கலாய்ப்பாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது கலா, இன்னும் குளிர் அப்படியேதானா அண்ணா என்று கேட்பாள். அப்படியேதான் என்பேன்.

இப்போது நித்யா. போனில் கலா சொன்னது இதுதான்: பெண் மொழிப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டாள். வேலூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியிலும் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே இருந்தால் கண்முன்னால் இருப்பாள். இத்தாலிக்கு என்றால் அடுத்த திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போடவேண்டும்.

"அவ போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா. நான்தான் மாமாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு சொல்லியிருக்கேன். அவருக்குச் சொன்ன மாதிரியே இவளுக்கும் உள்ளதச் சொல்லுங்கண்ணா. நீங்க வேணாம்னா நான் அனுப்பமாட்டேன்."

ஆஸ்பத்திரியில் விசாரித்துச் சொல்கிறேன் என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். விசாரிக்க ஒன்றுமில்லை. அனு பிறந்தது அந்த ஆஸ்பத்திரியில்தான்.

புதன்கிழமை தேவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல்முறை. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், கை நின்றுவிட்டது. என்னைத் திட்டவில்லை, மிச்சக் கீரையை ஆய்ந்து முடித்தாள். பிறகு யோசித்துப் பேசினாள்.

"அப்ப மோசமா இருந்துச்சு, இப்ப நல்லாயிடுச்சுன்னு சொல்லிடுங்க. நம்ம ஆளுங்க நெறைய வந்துட்டாங்க, இந்தியக் கடை வந்துடுச்சு, முன்ன மாதிரி குளிர் இல்லன்னு. பொண்ணும் வந்து சேரும், அவங்க மனசும் புண்படாது. செத்தவர் திரும்பவா வரப்போறாரு?"

நல்ல யோசனைதான். யாருக்கும் நஷ்டமில்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இப்ப மாறிப்போச்சு கலா. இப்ப நல்லா இருக்கு கலா. சரளமாகத்தான் வந்தது. எனக்குப் பொய் எப்போதும் சரளமாக வரும்.

7

இதுவரை உள்ளதைச் சனிக்கிழமைக்குள் எழுதினேன். இது திங்கட்கிழமை எழுதுவது.

நேற்றுக் காலை பத்து மணிக்கு நானே போன் செய்தேன். ஊரில் மத்தியானம், கலா சமைத்துக்கொண்டிருந்தாள். தேவி கதவுப்பக்கம் நின்றாள். அனு அவள் அறையில் இருந்தாள்.

"விசாரிச்சீங்களாண்ணா? ஊர் எப்படி, அனுப்பலாமா?"

"நல்ல ஊரு கலா. வரட்டும்."

"நெஜமாவா சொல்றீங்க? குளிரு?"

"நாலு மாசம் இருக்கும். வீட்டுக்குள்ள, ஆஸ்பத்திரிக்குள்ள தெரியாது. நல்ல கோட்டு ஒண்ணு போதும், இங்க வந்து வாங்கிக்கலாம்."

"வெயிலே வராதுன்னீங்க."

"வரும்."

"மலையெல்லாம் வெறும் கல்லுன்னீங்களே."

"இல்ல. மரந்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் மரம். ஆத்துல எப்பவும் தண்ணி ஓடும். பொம்பளப் புள்ள தனியா நடந்து போலாம், ஒருத்தரும் ஏன்னு கேக்கமாட்டாங்க. எந்தத் தெருன்னும் கேக்கமாட்டாங்க."

கலாவின் குரலில் சந்தோஷம் இருந்தது, மகளை அனுப்பத் தைரியம் வந்துகொண்டிருந்தது. "அப்ப இந்தப் பதினெட்டு வருசத்துல ஊர் ரொம்ப மாறிப்போச்சு போல" என்றாள்.

நான் வாரம் முழுக்கச் சொல்லிப் பழகியதை அவளே எடுத்து என் கையில் கொடுத்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தேவி சொல்லுங்க என்று தலையை ஆட்டினாள்.

"இல்ல கலா" என்றேன். "நான் வந்த நாள்லருந்தே இப்படித்தான் இருக்கு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவள் போய் அணைக்கவில்லை. இன்னொரு விசில் வந்தது. அதற்கும் அசையவில்லை.

"அன்னிக்கு அவர் பேசறப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றாள். "ரெண்டு தரம் கேட்டாரு."

"ஆமா."

"ரெண்டு தரமும்?"

"ரெண்டு தரமும் பொய்தான் கலா. நான் நல்லா இருந்தேன். அவன் வந்தா என் நிம்மதி போய்டும்னு நெனச்சேன்."

அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. யாரோ அடுப்பை அணைத்தார்கள். இன்னாம்மா, மாமா இன்னா சொன்னாரு என்று நித்யா கேட்பது தூரத்தில் கேட்டது. கலா போனைக் கையால் மூடிக்கொண்டு அவளிடம் ஏதோ சொன்னாள். பிறகு எனக்குச் சொன்னாள்.

"நித்யா வருவா. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடுவா. கூட்டிட்டுப் போறதுக்கு நீங்க ஏர்போர்ட்டுக்கு வராதீங்க. அவ வழி கேட்டு வந்துக்குவா."

இத்தனை வருடம் வார்த்தைக்கு வார்த்தை அண்ணா என்றவள் அதைச் சொல்லவில்லை. சரி என்றேன்.